பழைய அழிக்கதவும் புது மனையும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கதவு. கோட்டைக் கதவும் அன்று, கோயிற் கதவும் அன்று. மரத்திலும் இரும்பிலும் பின்னல் அமைத்துக் காற்றும் வெளிச்சமும் ஊடுருவும்படி செய்த வீட்டுக் கதவு. அந்தப் பின்னலை வடநாட்டார் ஜாலி என்கிறார்கள். தென்பாண்டிச் சீமையில் இந்தக் கதவை அழிக்கதவு என்று சொல்வார்கள். இராஜஸ்தானத்து ஹவேலிகளிலிருந்தும், ஆமதாபாத்தின் போள் எனப்படும் பழந்தெருக்களிலிருந்தும், நம் செட்டிநாட்டு வீடுகளிலிருந்தும் கழற்றப்பட்ட பழங்கதவுகள் இன்று ஜோத்பூர்க் கிடங்குகளிலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளிலும் அடுக்கடுக்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. புதுவீடு கட்டுகிறவர்கள் ஆசையோடு வந்து அவற்றை வாங்கிப் போகிறார்கள். வாங்கிப் போய் என்ன செய்கிறார்கள்? என்ன செய்யவேண்டும்? இவற்றைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். கதவைக் கிடத்தி, நான்கு கால் பொருத்தி, மேலே கண்ணாடி போட்டுத் தேநீர் மேஜை ஆக்குகிறார்கள். கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகையாக அறைகிறார்கள். வரவேற்பறைச் சுவரில் மாட்டிப் பின்னால் மின்விளக்கு வைக்கிறார்கள். அவர்களைக் குறைகூற நான் வரவில்லை. விறகாகப் போயிருக்கக்கூடிய மரத்தைப் பொருள் கொடுத்து வாங்கிக் காத்தவர்கள் அவர்கள்; அந்த அன்பு மெய்யான அன்பு. ஆனால் அந்த அன்பு பாதிவழியில் நின்றுவிட்டதே என்பதுதான் என் வருத்தம். சுவரோடு சுவராக அறைந்த பின்னலுக்கு அப்பால் காற்று உண்டா? மேஜையாகக் கிடக்கிற பின்னலுக்குக் கீழே வானம் உண்டா? இரண்டு பக்கமும் உலகம் இருந்தால்தான் அது கதவு. ஒரு பக்கம் அடைபட்டுவிட்டால் வெறும் பலகை. ஆகவே என் அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பழைய அழிக்கதவைக் கொண்டு வீட்டை அலங்கரிக்க விரும்புகிறவர்கள் அதைத் திறந்து மூடுகிற கதவாகவே வையுங்கள். அதன் தொழிலை அதற்குத் திருப்பிக் கொடுங்கள். அலங்காரம் தானாகவே வந்து சேரும்.

அதன் தொழில்தான் என்ன?

ஜயப்பூரிலே 1799ஆம் ஆண்டு சவாய் பிரதாப் சிங் மன்னர் கட்டுவித்த ஹவா மஹலை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். கோடை வெயிலில் அதன் முன் தெருவிலே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு, ஐந்தடுக்கு முகப்பில் அமைந்த 953 சிறு சாளரங்களின் பின்னலுக்குப் பின்னே எத்தனை பேர் நிற்கிறார்கள், யார் யார் நிற்கிறார்கள், ஒருவரேனும் நிற்கிறாரா என்பதுகூடத் தெரியாது. ஆனால் உள்ளே நிற்கிற அந்தப்புரத்துப் பெண்ணுக்கோ தெருவிலே போகிற ஊர்வலமும், யானையும், குதிரையும், கடைவீதியின் வியாபாரமும் துலக்கமாகத் தெரியும். ஒரே பின்னல், ஒருவருக்குத் திரையாகவும் மற்றவருக்குத் திறப்பாகவும் இருப்பது எப்படி? வெளிச்சத்தில் நின்று இருளைப் பார்க்கிற கண், பின்னலின் முகப்பிலே பட்டுத் திரும்புகிற ஒளியிலேயே கூசி நின்றுவிடுகிறது. நிழலில் நின்று வெளிச்சத்தைப் பார்க்கிற கண்ணுக்கோ பின்னல் இருப்பதே மறந்துபோகிறது. சூரியனுடைய வலிமையைத் தச்சனும் சிற்பியும் தங்களுக்கு வேலையாளாகக் கொண்ட சாமர்த்தியம் இது.

இந்தச் சாமர்த்தியத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. பொழுது சாய்ந்து உள்ளே விளக்கேற்றிய கணத்தில் நியாயம் தலைகீழாகிவிடும். அப்போது வெளியே நிற்பவன் காண்கிறான், உள்ளே இருப்பவர் காண்பதில்லை. அழிக்கதவுக்குத் துணையாகப் பலகைக் கதவோ திரையோ வைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். இதை அறியாமல், இரண்டு பக்கமும் ஒரே அளவு மின்விளக்கு எரிகிற இரண்டு அறைகளுக்கு நடுவே அழிக்கதவை வைத்துவிட்டு, மறைப்பும் இல்லை, நிழற்கோலமும் இல்லை என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. வெளிச்சம் மிகுந்த இடத்துக்கும் வெளிச்சம் குறைந்த இடத்துக்கும் நடுவே வையுங்கள். முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடுவே வையுங்கள். மேற்கு வெயில் விழுகிற தாழ்வாரத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே வையுங்கள். அப்புறம் மாலை நான்கு மணிக்கு உங்கள் தரையிலே விழுகிற கோலத்தைப் பாருங்கள். அதற்கு இணையான சித்திரத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு சொல் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் இல்லை. பின்னலின் சௌந்தரியத்தைப் புகழும்போது, அதன் பின்னே தலைமுறை தலைமுறையாக, தெருவுக்கு வர உரிமையின்றி, தெருவைப் பார்க்க மட்டும் உரிமை பெற்று வாழ்ந்த பெண்களை நாம் மறந்துவிடக் கூடாது. கதவின் மேல் பழி இல்லை. தாழ்ப்பாள் யார் கையில் இருந்தது என்பதில்தான் பழி. இன்று அந்தத் தாழ்ப்பாள் வீட்டுப் பெண்ணின் கையிலேயே இருக்கிறது. அவள் விரும்பும்போது திறக்கிறாள், விரும்பும்போது சாத்துகிறாள். அந்த மாறுதலோடுதான் இந்தக் கதவு நம் வீட்டுக்குள் வரவேண்டும்.

காற்றின் விஷயத்துக்கு வருகிறேன். காற்று நுழைய வழி வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். வெளியேற வழி இல்லாவிட்டால் எந்தக் காற்றும் உள்ளே வராது. செட்டிநாட்டு வீட்டின் முகப்பிலே நின்றால், வளவு என்னும் உள்முற்றத்தைக் கடந்து, கட்டு கட்டாகக் கடந்து, பின்வாசல் வரைக்கும் ஒரே நேர்கோட்டில் வாசல்கள் திறந்திருப்பதைக் காணலாம். கண் போகிற வழியே காற்றும் போகும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்று, மன்னர் மந்திரிகளோடு ஆலோசனை செய்த மந்திரசாலையிலே சற்று நேரம் நில்லுங்கள். சாய்வாக அமைத்த மரச்சட்டங்களின் இடைவெளியே காற்று வருகிறது. வெயிலின் உக்கிரம் வெளியே நின்றுவிடுகிறது. இத்தனை அறிவோடு செய்த பொருளைக் கொண்டுபோய்ச் சுவரில் அறையலாமா?

அடுத்து, அந்தப் பின்னலைச் செய்த கைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பின்னல் செய்யப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒரே பலகையில் துளையிட்டு, வாளால் அறுத்து, உளியால் சீவி எடுப்பது ஒரு வழி. சிறு சிறு சட்டங்களை எடுத்து, ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் இரண்டிலும் பாதிப் பாதி வெட்டிக் கவ்வவிட்டு, ஆணியில்லாமலே பின்னிக்கொண்டு போவது மற்றொரு வழி. இரண்டாம் வழியிலே ஒரு நுட்பம் இருக்கிறது. மரம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். அது மரத்தின் சுபாவம். ஒரே பலகை வெடிக்கலாம். பின்னிய சட்டங்களோ அவ்வவற்றின் இடத்திலேயே சற்று அசைந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்ளும். இரும்புப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, சந்திக்கிற இடந்தோறும் தறைந்து, மரச்சட்டத்துக்குள் இறுக்கிய கதவுகளும் வடநாட்டிலிருந்து வருகின்றன. கல்லிலேயே இந்த வேலையைச் செய்தவர்களும் உண்டு. ஆமதாபாத்தில் 1573ஆம் ஆண்டு கட்டி முடித்த சீதி சையத் மசூதியின் பலகணியில், ஒரு மரம் வேரூன்றிக் கொடியோடும் கிளையோடும் படர்ந்து நிற்பதைக் கல்லென்று சொன்னால்தான் கல்லென்று தெரியும்.

அதே ஆமதாபாத்துக்கு 1881ஆம் ஆண்டு லாக்வுட் டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கக் கலைஞர் வந்தார். மரவேலையைக் கண்டு பிரமித்தார். அவ்வூர் ஹதீசிங் குடும்பத்துப் பிரமுகரான மகன்பாயோடு கூட்டாகச் சேர்ந்து, உள்ளூர்த் தச்சர்களைக் கொண்டு ஒரு மரச்சிற்பப் பட்டறையை ஏற்படுத்தினார். அங்கே செதுக்கிய தேக்குவேலை கப்பலேறி அமெரிக்க வீடுகளை அலங்கரித்தது. நியூயார்க்கில் பத்தாம் தெருவில் 1887இல் அவர் தமக்கென்று கட்டிக்கொண்ட வீட்டின் முகப்பில் அந்தத் தேக்குச் சாளரம் இன்றும் இருக்கிறது. இதே மனிதரும் இவர் சகோதரரும்தான் குஜராத்தின் பாடண் நகரத்து ஜைன மண்டபமொன்றின் பழைய மரவிதானத்தை 1916இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு அளித்தவர்கள். ஒரே மனிதர் வாழ்விலே இரண்டு செயல்கள்! ஒன்று, இருந்த இடத்திலிருந்து போய்விட்ட பழைய வேலை. மற்றொன்று, உயிரோடிருக்கிற தச்சனுக்குக் கூலி கொடுத்துச் செய்வித்த புதிய வேலை. இவற்றில் எது மேலானது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதே மேலானது என்று தயங்காமல் சொல்வேன். முதலாவதால் ஓர் ஊர் ஒரு பொருளை இழந்தது. இரண்டாவதால் ஓர் ஊரின் தொழில் பிழைத்தது.

இப்படிச் சொன்னால், பழைய கதவை வாங்குவதே தவறா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்கு விடை காண நம் செட்டிநாட்டுக்கே வருவோம்.

அந்தப் பெரிய வீடுகள் எந்தப் பொருளால் எழுந்தன? பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் நடத்திய லேவாதேவியால் எழுந்தன. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது; சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது; தரைக்கல்லோ பக்கத்து ஆத்தங்குடியிலேயே வார்க்கப்பட்டது. 1930களின் பெருமந்தத்திலே கடன்பட்ட பர்மியக் குடியானவர் திருப்பிக் கொடுக்க வழியின்றி நிற்க, கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. பணமாக இருந்தது நிலமாக மாறிற்று. நிலத்தைத் தூக்கிக்கொண்டு வரமுடியுமா? 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது நகரத்தார் அதை விட்டுவிட்டு ஓடிவர நேர்ந்தது. பின்னர் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கிற்று. போனது போனதுதான். ஊரிலே வீடு மட்டும் மிஞ்சிற்று. வீட்டுக்கு ஓடு மாற்றப் பணம் இல்லை, பங்காளிகளோ பலர், சென்னையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர். மழை ஒழுகிய இடத்தில் உத்தரம் உளுத்தது. உத்தரம் உளுத்த கட்டைப் பிரித்தார்கள். பிரித்த தூணும் கதவும் கடைக்கு வந்தன. இந்த வழியாக வந்த கதவை வாங்குவதில் பாவம் ஒன்றும் இல்லை. வாங்காவிட்டால் அது அடுப்புக்குப் போகும்.

ஆனால், அன்பர்களே, இடிந்ததை விற்பது ஒன்று. விற்பதற்காக இடிப்பது வேறு. நல்ல கூரையோடு நிற்கிற வீட்டின் சாளரம் நாலு லட்சம் பெறும் என்று எவரேனும் சொன்னதைக் கேட்டு, நிலையைப் பெயர்த்து, சுவரிலே வாய்பிளந்த ஓட்டையை விட்டுச் செல்கிற கொடுமை இருக்கிறதே, அதற்கு வாங்குகிறவனும் பங்காளி. கடைக்காரரிடம் கேளுங்கள்: எந்த ஊர்க் கதவு? எந்த வீடு? அந்த வீடு இப்போது என்ன ஆயிற்று? விடை சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். கோயிலிலிருந்தோ மடத்திலிருந்தோ வந்ததென்று ஐயம் எழுந்தால் தொடவே தொடாதீர்கள். சட்டமும் இதில் கண்மூடி இருக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த, நூறாண்டு கடந்த பொருளும் தொல்பொருளே. அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கடல் கடந்து வாழ்கிற நம் உறவினர்கள் ஊருக்கு வந்து கதவு வாங்கும்போது இதை நினைவில் வைக்கவேண்டும்.

நேர்மையாக வாங்குவதென்று தீர்மானித்தாயிற்று. அது உண்மையில் பழையதா என்று அறிவது எப்படி? நேற்றுச் செய்த கதவை உப்புத்தாளால் தேய்த்து, சாயம் ஏற்றி, நூறு வருஷம் என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. கதவின் இரண்டு முகங்களையும் பாருங்கள். வெயிலும் மழையும் பட்ட வெளிமுகம் கரடுமுரடாகவும், உள்முகம் வழுவழுப்பாகவும் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் ஐயப்படுங்கள். தாழ்ப்பாளையும் நாதாங்கியையும் சுற்றிக் கைபட்டுப்பட்டு மரம் கறுத்துக் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைந்தெடுத்த குமிழ் இருந்தால் அதன் குறுக்களவை இரண்டு பக்கமாக அளந்து பாருங்கள். மரம் நாளடைவில் ரேகைக்குக் குறுக்கே சுருங்குவதால், வட்டமாகக் கடைந்தது சற்றே நீள்வட்டமாகியிருக்கும். அடியிலே மெல்லிய தூள் உதிர்ந்து கிடந்தால் வண்டு இன்னும் உயிரோடிருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து செய்யாமல் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கதவை நிலையோடு சேர்த்து வாங்குங்கள். பழைய கதவுகளில் பலவற்றுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் மரத்திலேயே விட்ட குடுமி, நிலையின் குழியிலே நின்று சுழலும். நிலையை விட்டுவிட்டுக் கதவை மட்டும் கொண்டுவருகிறவர் குடுமியை அறுத்துக் கீல் அடிக்கிறார். அந்த ஓர் அறுப்பில் கதவின் வயதெல்லாம் போய்விடுகிறது. வாசல் ஏழடி, கதவு ஐந்தரையடி என்றால், கதவுக்கு ஒட்டுப் போடாதீர்கள். நிலைக்கு மேலே ஒரு பலகணி வைத்து உயரத்தை நிரப்புங்கள். சுவருக்கு ஏற்பக் கதவை வெட்டக்கூடாது. கதவுக்கு ஏற்பச் சுவரை எழுப்பவேண்டும். திருவனந்தபுரத்திலே வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அப்படித்தான் செய்தார். இடிந்த வீடுகளின் கதவையும் சாளரத்தையும் குறைந்த விலைக்கு வாங்கிப் புதுவீடுகளில் பொருத்தினார்; பழையது கிடைக்காத இடத்தில் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கிப் பின்னற்சுவர் எழுப்பினார். ஆகையால் கொத்தனார் வாசல் அளவைக் குறிக்கும் முன்பே உங்கள் கதவு வந்து சேர்ந்திருக்கட்டும்.

சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலரத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளின் உடம்புக்குள் போகும். ஈரமாக்கிச் சுரண்டுங்கள், திறந்தவெளியில் செய்யுங்கள், முகத்தை மூடிக்கொள்ளுங்கள். காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கியெடுத்தால் சாயம் மட்டுமா போகும்? பின்னலின் பொருத்துவாய்களும் தளர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைத்தால் போதும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையிலே போட்டுவிடாதீர்கள், அது தானாகவே தீப்பற்றக்கூடியது; விரித்து வெளியிலே உலர்த்துங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம், முற்றம் ஏது, திண்ணை ஏது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விடை உண்டு. வாசலிலே பலகைக் கதவுக்கு வெளியே இரும்புக் கம்பிக் கதவொன்று பாதுகாப்புக்காகப் போடுகிறீர்களே, அந்த இடம்தான் அழிக்கதவின் இடம். பகலில் பலகைக் கதவைத் திறந்து வைத்து அழிக்கதவைத் தாழிடுங்கள். எதிரே மாடத்துக் கதவும் திறந்திருக்குமானால் வீடு முழுவதும் காற்று நடக்கும். வந்தவர் யார் என்று உள்ளிருந்தே காணலாம். இரவில் இரண்டையும் சாத்துங்கள். கொசுவுக்கு அஞ்சினால் உட்புறத்தில் கழற்றி மாட்டக்கூடிய வலைச்சட்டம் ஒன்று வைத்துக்கொள்ளலாம். பூஜையறைக்கு வைப்பதும் மிகப் பொருத்தம். கதவு சாத்தியிருக்கும்போதும் தீபத்தின் ஒளி கூடத்துக்கு வரும்.

இன்னும் சொல்ல விஷயம் உண்டு, நேரம் இல்லை. முடிக்கும் முன் இரண்டு விண்ணப்பங்கள். பூர்விக வீட்டில் பங்குடையவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். கதவுக்கு விலைபேச ஒருவர் வந்து நிற்கும்போது, உடனே தலையசைத்துவிடாமல், பங்காளிகள் எல்லோரும் ஒருமுறை கூடி உட்கார்ந்து, ஓடு மாற்ற என்ன செலவாகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடு நின்றால் கதவும் நிற்கும். மற்றொன்று, புதுவீடு கட்டுகிறவர்களுக்கு. பின்னலில் ஒடிந்துபோன சட்டத்தை எடுத்துவிட்டுப் பழையதோடு பொருந்தப் புதுச்சட்டம் இழைக்கத் தெரிந்த தச்சர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கடையில் பேரம் பேசுங்கள், அது வியாபாரம். தச்சர் கூலியில் பேரம் பேசாதீர்கள். பழைய கதவு கிடைக்காவிட்டால் அவரிடமே புதிதாக ஒன்று செய்யச் சொல்லுங்கள்.